பதினான்கு பாகச் சரிவு

“எங்கண்ணன் கயித்தப் பிடிச்சுக்கிட்டே தூங்குன ஆளு நீரு. இன்னைக்காவது முழிச்சிருப்பீராவே?”

இடுப்பில் கயிற்றைக் கட்டியபடியே பிதேலிஸ் கேட்டான். ரெமி கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டார். தூத்துக்குடியிலிருந்து கிழக்கே ஓடிவந்த வள்ளம், கண்ணாடி போன்ற கடலில் அசையாமல் நின்றது. காற்று துளியும் இல்லை. போன வருடம் அந்த நாளும் இப்படித்தான் விடிந்தது.

அன்று இங்கே சங்கு எடுக்க இறங்கிய பிதேலிஸின் அண்ணன் லியோன் திரும்பவில்லை. ரெமி இழுத்தபோது அறுந்த கயிறுதான் வந்தது. அமைதியான கடலில் கைதேர்ந்தவன் எப்படிச் சாவான்? கயிறு பிடித்தவர் தூங்கிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. பிறகு எந்த வள்ளமும் அவரை ஏற்றவில்லை.

இன்று இருவரையும் அழைத்துவந்தவள் ஆராய்ச்சியாளர் வைதேகி. கடலடியின் சூட்டையும் கலங்கலையும் குறித்துவைக்கும் அவளுடைய கருவிப்பெட்டி, மிதவை அறுந்து பதினான்கு பாகம், அதாவது எண்பது அடிக்கும் மேலான ஆழத்துச் சரிவில் கிடந்தது. போன வருடம் அதன் பக்கத்தில்தான் லியோன் இறங்கினான். அந்த இடம் ரெமிக்கு மட்டுமே தெரியும். ரெமியின் பெயரை மீட்க இருந்த ஒரே சாட்சி அந்தப் பெட்டிதான்!

பிதேலிஸ் குதித்தான். காற்றுக்குழாய் பாம்பாக நெளிந்து உள்ளே போனது.

கீழிருந்து கயிற்றை இரண்டு முறை சுண்டினால், ‘சேறு எழும்பியிருக்கிறது, அடங்கும்வரை காத்திருக்கிறேன்.’ மூன்று என்றால், ‘இழு.’ மூன்று வராமல் இழுப்பது குளிப்பவனை, மூழ்கிச் சங்கு எடுப்பவனை, அவமானப்படுத்துவது. அதுதான் அவர்கள் வழக்கம்.

ரெமியின் பார்வை திடீரென்று ஓரிடத்தில் நின்றது. கிழக்கே, காற்றில்லாத கடலில், கோடு கிழித்தாற்போல் ஒரு சிற்றலை வரி! வள்ளத்தை நோக்கி ஓசையில்லாமல் நகர்ந்து வந்தது.

“மேடம், அன்னைக்கும் இதேதான்! சொன்னா ஒருத்தனும் நம்பல்ல!”

வைதேகி துள்ளி எழுந்தாள். “அண்ணாச்சி, அது அடியில ஓடுற அலை! மேல சூடான தண்ணி, கீழ குளிர்ந்த தண்ணி. ரெண்டுக்கும் நடுவுல வரும். நமக்கு இந்தக் கோடு மட்டும்தான் தெரியும். சரிவுல மோதி உடைஞ்சா, சேத்தையெல்லாம் வாரித் தூக்கிடும்!”

கோடு வள்ளத்தைக் கடந்தது. பலகைகூட முனகவில்லை. சற்று நேரத்தில் கயிறு சுண்டியது. ஒன்று. இரண்டு.

லியோன் கடைசியாகக் கொடுத்ததும் இதுதான்.

“அடங்கட்டும்னு நிக்கான்” என்றார் ரெமி.

“அடங்காது! ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரும்!”

ரெமி நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது கோடு. அதன் பின்னால் மூன்றாவது. நான்காவது!

அவர் இழுத்தார். கீழிருந்து கோபமாக இரண்டு சுண்டு. மறுபடியும் இழுத்தார். இரண்டாவது கோடு கடந்ததும் கயிறு படீரென்று கீழே பாய்ந்து உள்ளங்கையைக் கிழித்தது. வைதேகியும் பாய்ந்து பிடித்தாள்.

“நான் தூங்கலலே!” என்று கடலைப் பார்த்துக் கத்தினார் ரெமி. “கேக்குதா? தூங்கலலே!”

இருவரும் இழுக்க இழுக்க, பெட்டியை மார்போடு அணைத்தபடி பிதேலிஸ் மேலே வந்தான். தலையெல்லாம் சேறு.

“கூறுகெட்ட மனுசா! யாரு இழுக்கச் சொன்னா?”

ரெமி அவன் இடுப்பைக் காட்டினார். பாறையில் உராய்ந்த கயிற்றில் ஒரே ஒரு புரிதான் மிச்சமிருந்தது! பிதேலிஸ் வள்ளத்தின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“கண்ணு தெரியல்ல. தண்ணி பள்ளத்துக்கு இழுத்துச்சு” என்றான் மெல்ல.

வைதேகி மடிக்கணினியில் பெட்டியை இணைத்தாள். லியோன் இறந்த தேதி. பத்து நாற்பதுக்குச் சூடு சட்டென்று ஐந்து டிகிரி இறங்கியிருந்தது. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஆறு அலைகள். ஒவ்வொன்றிலும் முன்னதைவிட அதிகக் கலங்கல்.

“அண்ணன் அடங்கும்னு காத்துக்கிட்டு நின்னுருக்கான்” என்றான் பிதேலிஸ். வள்ளம் கரைக்குத் திரும்பியது.

துறையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். பிதேலிஸ் நைந்த நுனியை வெட்டி எறிந்தான். மிச்சக் கயிற்றைச் சுருட்டி, எல்லோர் முன்னாலும் ரெமியின் காயம்பட்ட கையில் வைத்தான்.

“நாளைக்கு வெள்ளன வந்திரும்வே. கோடு தெரிஞ்சா என்னைக் கேக்காதேயும். இழுத்திரும்.”