ஸ்டெபனிக்காக ஒரு மன்றாட்டு

ஒக்ரோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பல்கலைக்கழக விடுதியிலிருந்து இரண்டு சூட்கேசுகளோடு அஜின்கோர்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அம்மா காரைக் கராஜுக்குள் விட்டார். கராஜ் கதவு முழுதாக இறங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் என்னை இறங்கச் சொன்னார். இரண்டு வீடு தள்ளிப் பேர்ணடெற் அன்ரி இருக்கிறார். அவர் காதுக்கு ஒன்று போனால் எங்கள் கோயில் பங்கு முழுவதற்கும் போன மாதிரி.

"கொஞ்ச நாளைக்குக் கீழையே இரு, ஸ்டெபி. சுகமானாப் பிறகு மேலை வரலாம்."

கீழே என்றால் பேஸ்மென்ற். ஒரு கட்டில், துணி தோய்க்கிற மெஷின், நிலமட்டத்தில் ஒரு சின்ன யன்னல். விடுதியில் மூன்று கிழமையாக நான் கட்டிலை விட்டு எழும்பவில்லை. வகுப்புச் சோதனைகளுக்கும் போகவில்லை. டொக்டர் மனச்சோர்வு என்று சொல்லிக் குளிசை தந்தார். கிழமைக்கு ஒருக்கால் மனநலக் கவுன்சிலரிடம் போகவேண்டும் என்று கடிதமும் தந்தார். அந்தக் கடிதத்தை அம்மா குசினி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டாத குறையாக மூடிவிட்டார். அந்தக் கவுன்சிலரின் கிளினிக்கில் முன்மேசையில் இருப்பது பேர்ணடெற் அன்ரியின் மகள் நதீஷா. வேறு காரணம் இல்லை.

அந்தக் கடிதம் லாச்சியை விட்டு வெளியே வரவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஊருக்கு அம்மா சொன்ன கதை வேறு. ஸ்டெபனி இப்போது வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் படிக்கிறாள். கதைக்குச் சாட்சியும் வைத்தார். காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகமுதல், நீல மூடி போட்ட சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை முன்வாசல் சப்பாத்துத் தட்டின்மேல் வைத்துவிடுவார். ஆராவது வந்தால் கண்ணில் படட்டும் என்று. பின்னேரம் அது வெறுமையாகக் குசினியில் கிடக்கும். அம்மாதான் கொட்டிவிடுகிறார் என்று நினைத்தேன்.

புதன்கிழமை அம்மாவுக்கு வேலையில்லை. அன்று நாலரைக்கு எங்கள் வீட்டில் செபக்கூட்டம். சூட்டுக்காற்று வரும் குழாய்வழியே மேலே பேசுவது அத்தனையும் எனக்குக் கேட்கும். செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவராகத் தங்கள் மன்றாட்டைச் சொல்வார்கள்.

"என்ரை மகள் ஸ்டெபனிக்காக," என்றது அம்மாவின் குரல். "நல்லாப் படிக்கிறாள். சோதினை வருது. அவளுக்கு ஒரு குறையும் வராமல் காப்பாற்ற வேணும் எண்டு..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

பதினெட்டுப் பேர் முழங்காலில் நின்று கேட்டார்கள். ஒரு குறையும் இல்லாத அந்தப் பெண்ணுக்காக.

குறை முழுவதும் என்னிடம் இருந்தது. செபம் முழுவதும் அவளுக்குப் போனது. நல்லாய்ப் படிக்கிற, விடிய எழும்பித் தலைமயிரை வாரி இழுத்துப் பஸ் பிடிக்கிற அந்த ஸ்டெபனியை நான் எப்படி வெறுத்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்தடுத்த புதன்களிலும் அதே மன்றாட்டுத்தான்.

டிசெம்பரில் ஒரு வியாழன். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வெளியே இருட்டிவிட்டது. அம்மா வேலையில். அப்பாவுக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் பின்னேர ஷிப்ற். வீட்டில் நான் மட்டும்தான்.

முன்கதவுப் பூட்டுக்குள் திறப்புச் சுழன்றது.

சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு.

நான் அப்படித்தான் தட்டுவேன்.

காலடிகள் குசினிக்குப் போயின. குழாய்வழியே ஒரு மணம் இறங்கி வந்தது. என் ஷாம்பூவின் மணம். நான் தலைமுழுகிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. மேலே தண்ணீர் ஓடியது. ஆரோ மெல்லப் பாடிக்கொண்டு எதையோ கழுவினார்கள்.

அன்றிரவு அம்மா சிரித்த முகத்தோடு கீழே வந்தார்.

"பெட்டியைக் கழுவிக் கவிட்டு வைச்சிருக்கிறாய், ஸ்டெபி. முந்தி ஒருநாளும் செய்யமாட்டாய்."

"நான் மேலை வரேல்லை, அம்மா. அந்தப் பெட்டியைத் தொடுறதேயில்லை. நீங்கள்தானே சாப்பாட்டைக் கொட்டுறனீங்கள்?"

"நான் ஏன் பிள்ளை சோத்தைக் கொட்டுறன்? நீ சாப்பிடுறாய் எண்டெல்லோ நினைச்சன்."

அம்மாவின் முகத்தில் பயம் வந்தது. அதன் அடியில் இன்னொன்றும் இருந்தது. அது சந்தோஷம். பெற்ற தாயின் முகத்தில் அதைப் பார்த்ததை நான் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு பெட்டிக்குள் இறால் குழம்பு போனது. பொரித்த கத்தரிக்காய் போனது. எனக்குப் பக்கெற் சூப் வந்தது. அம்மா வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்குத் திறப்புச் சுழன்றது. ஜனவரி நடுவில் மூன்று நாள் தொடர்ந்து அம்மா கீழே வரவேயில்லை. என்னை மறந்துவிட்டார். அது நடிப்பில்லை, உண்மையிலேயே மறந்துவிட்டார்.

நாலாம் நாள் புதன். மேலே செபமாலை முடிந்தது. நான் எழும்பினேன். படி ஏறுவதற்கு மலை ஏறுகிற பாடு. பேஸ்மென்ற் கதவைத் தள்ளிக்கொண்டு, ஒரு கிழமையாய் மாற்றாத உடுப்போடு ஹோல் வாசலில் நின்றேன்.

"என்ரை மகள் ஸ்டெபனிக்காக..." என்று தொடங்கிய அம்மா என்னைக் கண்டு நிறுத்தினார்.

பேர்ணடெற் அன்ரி திரும்பினார். "ஸ்டெபனியே? என்ன பிள்ளை இது கோலம்? கம்பசுக்குப் போகேல்லையே?"

அப்போது முன்கதவுக்கு வெளியே கேட்டது.

இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு.

"அம்மா, நான் வந்திட்டன்."

என் குரல். சுகமாயிருந்த காலத்தில் எனக்கிருந்த குரல்.

ஒருவரும் அசையவில்லை. ஆரோ ஒருவரின் செபமாலை நிலத்தில் விழுந்தது. பூட்டுக்குள் திறப்பு நுழைந்தது.

அம்மா கதவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த ஆசை என்னைச் சுட்டது. எழும்பி ஓரடி வைத்தார். இன்னோரடி வைத்தார்.

"அம்மா," என்றேன். "எனக்கு ஏலாமல் கிடக்கு."

அவர் நின்றார். கதவுச் சங்கிலியைக் கொழுவினார். பிறகு எல்லோர் பக்கமும் திரும்பினார்.

"இவள்தான் என்ரை பிள்ளை. மூண்டு மாதமாப் படிக்கப் போகேல்லை. மனம் சுகமில்லை. கீழை வைச்சிருந்தனான், உங்களுக்கெல்லாம் பொய் சொன்னனான். இவளுக்காகச் செபியுங்கோ."

முதலில் முழங்காலில் நின்றது பேர்ணடெற் அன்ரிதான். பதினெட்டுப் பேரும் எனக்காகக் கேட்டார்கள். கதவின் குமிழ் ஒருமுறை திரும்பியது. இன்னொருமுறை திரும்பியது. பிறகு நின்றது.

கடிதம் லாச்சியை விட்டு வெளியே வந்தது. நதீஷா அக்கா அடுத்த செவ்வாய்க்கே நேரம் எடுத்துத் தந்தார். நீல மூடிப் பெட்டியை அம்மா குப்பையில் போட்டார். அன்றிலிருந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தார். நான் தலைமுழுகினேன். மூன்று கிழமை நல்லாகவே போனது.

பெப்ரவரியில் பெரிய பனி கொட்டிய மறுநாள் காலை, பேஸ்மென்ற் யன்னலடியில் காலடிகள் கிடந்தன. தெருவிலிருந்து வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. கண்ணாடியின் வெளிப்பக்கம், ஒரு முகம் அளவுக்கு, மூச்சுப் பட்டு மங்கியிருந்தது. அதற்குக் கீழே பனியில் அந்தப் பெட்டி இருந்தது. கழுவிக் கவிட்டு வைத்திருந்தது.

இப்போது வெளியில் நிற்பது அவள்; தனக்கு வந்தது உள்ளே படுத்திருக்கிற ஒருத்திக்குப் போவதை எரிச்சலோடு பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அந்தக் காலடிகளைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அம்மா வெளியே போய்ப் பெட்டியை எடுத்துவந்தார்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு விழித்தேன். பாயில் அம்மா இல்லை. மேலே ஏறிப் போனேன். குசினி முழுக்க இறால் குழம்பு வாசம். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீல மூடியை அழுத்தி மூடினார்.

"ஆருக்கு அம்மா?"

அவர் திரும்பவில்லை.

"வெளியிலை சரியான குளிர், பிள்ளை," என்றார்.