ஐந்தாவது சொட்டு

"பலவீனத்தை வெறும் வயித்துல போடறதா, பலகாரம் சாப்பிட்டுட்டா கண்ணு?"

மரகதம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். அவள் மருமகள் நித்திலா தட்டிலிருந்து இட்லிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெறும் வயித்துலதாங்க அத்தை. பலம்தான் சாப்பிட்டப்புறம்."

"நாக்கை நீட்டு."

நேர்காணல் இருக்கிற வீடுகளில் அந்தக் காலத்தில் பொழுது இப்படித்தான் விடியும். கோயம்புத்தூரில் அந்தத் தெருவில் மட்டும் அன்றைக்கு இரண்டு வீடுகளில் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

நேர்காணலில் பொய் சொல்ல முடியாது என்று ஆகிச் சில வருடங்களாகிவிட்டன. மணிக்கட்டில் கட்டுகிற மெய்காட்டி என்ற பட்டை, பேசுகிறவர் தான் சொல்வதை நம்பிச் சொன்னால் பச்சையாக எரியும். நம்பாமல் சொன்னால் சிவப்பாக எரியும். அது வந்த புதிதில் நாடே திணறிப் போயிற்று. 'உங்கள் நிறுவனத்தில் சேருவது என் கனவு' என்று சொன்ன அத்தனை பேருக்கும் சிவப்பு. அதனால் மனிதர்கள் உண்மை பேசக் கற்றுக்கொண்டார்களா என்றால் இல்லை. தங்கள் பொய்யைத் தாங்களே நம்புவதற்கு மருந்து கண்டுபிடித்தார்கள். உளச்சொட்டு என்று அதற்குப் பெயர். வீடுகளில் வெறும் சொட்டு. நாக்கில் ஒரு துளி விட்டால் பொழுது சாயும்வரை அந்தப் பதில் உள்ளுக்குள் உண்மையாகவே இருக்கும். நம்பிச் சொல்வது பொய்யாகாது என்று நீதிமன்றமும் கைகழுவிவிட்டது.

வழக்கமாகக் கேட்கிற ஐந்து கேள்விகளுக்கு ஐந்து குப்பிகள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் பலம் என்ன. பலவீனம் என்ன. ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள். ஏன் எங்கள் நிறுவனம்.

பலவீனம் கசந்தது. கொஞ்ச நேரத்திலேயே நித்திலா இட்லித் தட்டைத் தேய்த்த இடத்திலேயே மறுபடி தேய்த்தாள். எதையும் அரைகுறையாக விட மனம் வராது என்பதுதான் அந்தக் குப்பியிலிருந்த பலவீனம். எல்லோரும் அதையேதான் வாங்குவார்கள்.

"விடு சாமி, தட்டு தேஞ்சு ஓட்டையாயிரும்" என்று மரகதம் பிடுங்கி வைத்தாள்.

இருவரும் சிரித்தார்கள். ஆனால் ஜன்னல் ஓரத்தில் திறக்கப்படாமல் நின்ற ஐந்தாவது குப்பியை இருவருமே பார்க்காமல் இருந்தார்கள்.

நிலவில் ஆம்பல் நகர் என்ற குடியிருப்பு இருந்தது. நித்திலாவின் கணவன் இளம்பரிதி கல்யாணமான வருடமே அங்கே பனிச்சுரங்கத்தில் எந்திரப் பொறுப்பாளனாகப் போனான். இரண்டே வருடம், ஓடி வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனான். இரண்டு வருடம் முடிந்ததும் ஒப்பந்தத்தை நீட்டினான். மறுபடியும் நீட்டினான். தினமும் வந்த அழைப்பு வாரம் ஒன்றாயிற்று. அதிலும் பாதி நேரம் பம்பு, வால்வு, துளைக்கருவி. போன தீபாவளிக்கு அங்கத்திய மருத்துவர் சொல்லிவிட்டார்: எலும்பு மெலிந்துவிட்டது, இனி பூமியின் ஈர்ப்பை அது தாங்காது, இவர் திரும்பவே முடியாது.

அன்றைக்குத்தான் மரகதம் தன் மனதில் வெகுநாளாக இருந்ததை வாய்விட்டுச் சொன்னாள். "என்ற பையனுக்குச் சொட்டு எறங்கலை. அதான் இப்படி."

நித்திலாவும் அதைத்தான் நினைத்திருந்தாள். ஐந்தாவது சொட்டைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. மனதில் அன்பு உட்கார ஓரிடம்தான் இருக்கிறதாம். நிறுவனத்தின் மேல் உண்மையான காதல் வரவேண்டுமென்றால் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை அன்றைக்கு மட்டும் எழுப்பி அனுப்ப வேண்டும். பொழுது சாய்ந்ததும் அவர் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வார். சிலருக்கு மட்டும் அவர் வராமலே போய்விடுவார். பரிதி சென்னையில் விடுதியில் தங்கித்தான் நேர்காணலுக்குத் தயாரானான். அங்கே போட்ட சொட்டின் வேகம் இறங்காமல் நின்றுவிட்டது, பாவம், அவன் என்ன செய்வான் என்று இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் தேற்றிக்கொண்டார்கள். கேட்டால் மனம் நோவானென்று அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சொட்டு எந்த வருடம் வந்ததென்று கணக்குப் பார்த்ததுமில்லை.

அவன் வர முடியாது. அப்படியானால் அவள் போக வேண்டும். அவள் பக்கத்தில் போய் நின்றால் அவளுடைய பழைய இடம் அவனுக்கு நினைவுக்கு வராதா?

ஆம்பல் நகருக்கு வேலை இல்லாமல் போக முடியாது. அங்கே பயன்படுத்திய தண்ணீரைச் சுத்தம் செய்யும் தெளிநீர் நிறுவனம் பரிசோதகர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தது. பயிற்சி நிலையம் நடத்தும் கோமதிநாயகம் அடித்துச் சொல்லியிருந்தார்: "புருஷன் அங்க இருக்கார்னு வாயத் திறந்திராதீங்கம்மா. சொந்தத்துக்காக வர்றவங்களை எந்தக் கம்பெனியும் தொடாது. குடும்பத்தைப் பத்தி அவங்க கேட்கறதைச் சட்டம் தடுக்குது. ஆனா 'ஏன் எங்க கம்பெனி'ன்னு கேட்பாங்களே, அதுல மாட்டிக்குவீங்க. அஞ்சாவது சொட்டு இல்லாம உள்ள போகாதீங்க."

மணி ஒன்பதாயிற்று. நித்திலா குப்பியை எடுத்தாள்.

"எனக்கும் எறங்காம போயிட்டா என்னங்க பண்ணுவேன்?"

மரகதத்துக்கும் அந்தப் பயம்தான். மகனுக்கு ஒன்று ஆயிற்று, இவளுக்கும் ஆனால் அவன் முகத்தை நினைத்துப் பார்க்கக்கூட பூமியில் தன்னைத் தவிர ஆள் இருக்காது. அவள் மருமகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"போட்டுக்க கண்ணு. மறந்தாலும் பரவாயில்லை, அங்க போய்ச் சேர்ந்துரு. எதுக்க எதுக்க நின்னா ரெண்டுல ஒருத்தருக்காச்சும் ஞாபகம் வராதா?"

நித்திலா சுவரிலிருந்த பரிதியின் படத்தை ஒருமுறை பார்த்தாள். இடது புருவத்தில் தழும்பு. கல்யாணப் பந்தலில் கம்பி தட்டியது. இதை மறக்கக்கூடாது, இதை மறக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே நாக்கை நீட்டினாள்.

இனித்தது. மற்ற நான்கும் கசப்பு, இது மட்டும் தேன். தெளிநீர் நிறுவனத்தின் நீலச் சின்னம் நினைவில் எழுந்து, அவளுக்குக் காது மடல் சூடாயிற்று. அவர்களுடைய வடிகட்டிகள்தான் எத்தனை பொறுமையானவை! ஊரின் அழுக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் தெளிவைத் திருப்பித் தருகிறவை! புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோது சுவரில் ஒரு படம் கண்ணில் பட்டது. யாரென்று தெரிந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைத் தெரிவதுபோல் தெரிந்தது.

மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காந்திபுரத்தில் நேர்காணல் அறைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, ஒரு திரை. நித்திலாவின் திரையில் ஆம்பல் நகரிலிருந்து ரெபேக்கா ஞானமுத்து என்ற நடுவயதுப் பெண் தெரிந்தார். சட்டப்படி இருவருக்கும் மெய்காட்டி உண்டு. நிலவுக்குப் பேச்சு போய்த் திரும்ப இரண்டு மூன்று நொடி ஆகும். அந்த இடைவெளியில்தான் உயிர் போய் வரும்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

சொன்னாள். பச்சை. பலம், பச்சை. பலவீனத்தைச் சொல்லும்போதே கோணலாகக் கிடந்த மேசை விரிப்பை நேராக்கினாள். பச்சை.

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?"

"உங்களோடதாங்க. அஞ்சு என்னங்க, கடைசி வரைக்கும்."

பச்சை.

"ஏன் எங்க நிறுவனம்?"

நித்திலா திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள். "உங்களை விட்டா எனக்கு வேற நினைப்பே இல்லைங்க. ராத்திரி கண்ணை மூடினா உங்க வடிகட்டிதான் தெரியுது."

பச்சை, அதுவும் விளக்கே வெடித்துவிடுவதுபோல். ரெபேக்கா கொட்டாவியை விரலால் மறைத்தார். காலையிலிருந்து வந்த எல்லோரும் வடிகட்டியைத்தான் கனவில் கண்டிருந்தார்கள்.

"சரிம்மா. எங்ககிட்ட ஏதாவது கேட்கணுமா?"

வளர்ச்சி வாய்ப்புகள் எப்படி என்று கேட்க வேண்டும். கோமதிநாயகம் அதைப் பத்துத் தடவை சொல்லவைத்திருந்தார். ஆனால் அதற்குச் சொட்டு இல்லை. காதலிக்கிற பெண் வேறென்ன கேட்பாள்?

"நான் உங்களுக்கு முக்கியமாங்க? நாளைக்கு என்னால முடியாமப் போனாலும் என்னை வெச்சுக்குவீங்களா?"

பேச்சு நிலவுக்குப் போயிற்று. ரெபேக்கா புன்னகை மாறாமல் சொன்னார்: "நிச்சயமா. நம்ம நிறுவனம் ஒரு குடும்பம் மாதிரி."

அவர் கையில் சிவப்பு எரிந்தது.

ரெபேக்கா குனிந்து பார்த்தார். "அடக் கடவுளே, காலையில என் சொட்டைப் போட மறந்துட்டேன்."

நித்திலா முகத்தை மூடிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். தண்ணீர் சுத்தம் செய்கிற நிறுவனம் தன்னைக் கைவிட்டுவிட்டதென்று ஒரு பெண் அழுவதை ரெபேக்கா தன் பணிக்காலத்தில் கண்டதில்லை.

"அழாதம்மா. இந்தா பாரு, நான் கேட்கக் கூடாது, நீயாச் சொன்னா கேட்டுக்கறேன். இங்க யாரு இருக்கா உனக்கு?"

இனி ஒளித்து என்ன? "எங்க வீட்டுச் சுவத்துல ஒருத்தர் படம் இருக்குங்க. வீட்டுக்காரர். அங்கதான் இருக்கார். காலை வரைக்கும் அவருக்காகத்தான் வர்றதா இருந்தேன்."

பச்சை.

ரெபேக்கா தலையில் அடித்துக்கொண்டார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? உன் பேரை எப்பவோ எழுதியிருப்பேனே! கம்பெனி மேல காதல்னு வர்றவங்க சாயந்திரமே தெளிஞ்சிடறாங்க, இங்க வந்ததும் ஊருக்குத் திரும்பற விண்கலத்துல ஏறிடறாங்க. புருஷன் இங்க மாட்டிக்கிட்டவ எங்க போவா? சம்பள உயர்வுகூட கேட்க மாட்டா."

அவர் கையிலும் பச்சை எரிந்தது.

"சொந்தம் இருந்தா எடுக்க மாட்டீங்கன்னு…"

"யாரு சொன்னது?"

"பயிற்சி நிலையத்துல."

"அவங்கதானேம்மா சொட்டும் விக்கறாங்க?" என்றார் ரெபேக்கா. "அடுத்த கலத்துல இடம் போடறேன். பெட்டியைக் கட்டு."

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் வீடு வந்த நித்திலா பெட்டியைத் தொடவில்லை. சுவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்தாள். வெயில் ஜன்னலில் இறங்கியது. புருவத்தில் ஏதோ தழும்பு. யாருக்கோ தழும்பு. மரகதம் காப்பியை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"ஏதாச்சும் தெரியுதா கண்ணு?"

"இல்லைங்க அத்தை."

தெருவிளக்கு எரிந்தது. காலையில் சொட்டுப் போட்ட பக்கத்து வீட்டுப் பையன் தெளிந்துவிட்டான் போலிருக்கிறது. அவன் அம்மாவோடு சண்டை போடும் சத்தம் கேட்டது. இவளுக்கு ஒன்றும் இல்லை. அப்போது திரை ஒலித்தது. வாராந்தர அழைப்பு.

இளம்பரிதி தெரிந்தான். கன்னம் ஒடுங்கியிருந்தது. "நித்தி, ரெண்டு நிமிஷம்தான். கீழ்த்தட்டுல பம்பு மக்கர் பண்ணுது."

அவன் புருவத்தைச் சொறிந்தான். தழும்பு இருந்த புருவத்தை. நித்திலாவின் நெஞ்சில் ஏதோ தடுமாறி, தட்டுத்தடவி, தன் பழைய இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள், அழுதாள். "மாமா! மாமா, நான் வர்றேன்! வேலை கிடைச்சிருச்சு! அஞ்சாவது சொட்டுப் போட்டும் உங்களை மறக்கலை மாமா, எறங்கிருச்சு!"

இரண்டு நொடி, மூன்று நொடி.

"அடேங்கப்பா! வா வா. என்னிக்கு? எனக்கு ஷிப்ட் இருக்கும், ஆளை அனுப்பறேன்." திரும்பி யாரிடமோ, "அந்த வால்வை மூடாதே, வர்றேன்" என்றான்.

மரகதத்துக்குப் பொறுக்கவில்லை. மருமகளைத் தள்ளிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தாள். "ஏஞ்சாமி, இவளுக்கு எறங்கின சொட்டு உனக்கு ஏண்டா இத்தனை வருஷமா எறங்கலை? ஒரு டாக்டரைப் பார்த்தா என்ன?"

"எந்தச் சொட்டும்மா?"

"அதான், கம்பெனி மேல ஆசை வர்ற சொட்டு. நீ சென்னையில போட்டது."

நிலவிலிருந்து சிரிப்பு தாமதமாக வந்து சேர்ந்தது.

"நான் வந்தப்போ சொட்டே விற்பனைக்கு வரலையேம்மா. மெய்காட்டியும் கிடையாது. நாலு பதில் மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிச்சேன், அவ்வளவுதான். நான் எதையும் போடலை. சரி, பம்பு கூப்பிடுது. வெச்சிடறேன்."

திரை அணைந்தது. இரண்டு பெண்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருடமும் அவன்மேல் கோபம் வராமல் காத்துவந்த ஒரே காரணம் அதனோடு போய்விட்டது.

மரகதம் ஜன்னல் ஓரத்துக் காலிக் குப்பியை எடுத்தாள். அடியில் ஒட்டியிருந்த ஒரு துளியை விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.

"அந்தக் கோமதிநாயகத்தைக் கேளு கண்ணு. இதே மாதிரி, கம்பெனிக்குப் பதிலா பொண்டாட்டி பேரைப் போட்டு ஒண்ணு செஞ்சு தருவாரான்னு. போகும்போது எடுத்துட்டுப் போயிரு."

நித்திலா பெட்டியைத் திறந்து முதல் புடவையை மடித்து வைத்தாள். ஓரம் ஒட்டவில்லை, பிரித்து மறுபடி மடித்தாள். பலவீனம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"போன மாசமே கேட்டேங்க அத்தை. அப்படி ஒண்ணை இதுவரைக்கும் யாருமே கேட்கலையாம். விக்காதுன்னு செய்யறதில்லையாம்."