வாப்பா மேசையில் வந்த பில்

"இந்தப் பிரிண்டரைக் குப்பையில போட்டுட்டுப் புதுசு வாங்குங்க."

வந்ததும் வராததுமாக அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இஃப்பத்துக்குச் சுருக்கென்று வந்தது கோபம். துபாய் அல் குசைஸில் என்றைக்கோ ஒருநாள் பெய்கிற மழை அன்றைக்குப் பார்த்துக் கொட்டியது. பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, தலை சொட்டச் சொட்ட நின்றான். பெயர் சாகிர். கம்ப்யூட்டர் மெக்கானிக்.

"ரிப்பேர் பார்க்க வந்தீங்களா, புதுசு விக்க வந்தீங்களா?"

நிமிர்ந்து பார்த்தான். அடேயப்பா... என்ன கண்ணு அது! அவள் அவசரமாகக் கத்தரிக்கோலைத் தேடினாள்.

கடையின் முன்பாதி வாப்பா கௌஸ் முகம்மதுவின் மளிகை. பின்பாதி இஃப்பத்தின் அபாயா அங்கித் தையல். பில் அடிக்கிற பழைய பிரிண்டர் வாப்பாவின் மேசையில். அவளுக்கும் ஒன்று கேட்டால், "கல்யாணமானா மூடத்தானே போறே... எதுக்கும்மா?" என்பார். வந்த மூன்று சம்பந்தமும் அதையேதான் சொன்னது. கடையை மூடிவிட்டு மேலப்பாளையத்துக்கு மருமகளாக வா! தையல் அவளுக்கு உயிராயிற்றே... மூன்றையும் தட்டிக் கழித்தாள். இருக்கிற பிரிண்டரிலேயே பங்கு கேட்டாள்.

"சரி, பார்ப்போம். இதுல நெட்வொர்க் வயர் மாட்டவே இடமில்ல. உங்க வாப்பா கம்ப்யூட்டர்ல ஷேர் போட்டு, அது வழியா அனுப்பணும். அது ஆன்ல இருந்தாத்தான் உங்களுக்கு பில் வரும்."

"அவங்க ஆஃப் பண்ணிட்டா?"

"சண்டை போடாம இருந்துக்கங்க..." சிரித்தான். பாவி, கன்னத்தில் குழி வேறு!

அவன் வாப்பாவின் மேசைக்குப் போய், "எதையாவது அடிச்சு பிரிண்ட் குடுங்க" என்று குரல் கொடுத்தான். அனுப்பினாள். வரவில்லை. மறுபடி அனுப்பினாள். ஊஹூம். மூன்றாம் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தாள்... 'இந்த ஆள் சிரிச்சா அழகாத்தான் இருக்கு.' வேலை செய்யாத பிரிண்டர்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்!

"பாஸ்வேர்டுதான் தடுத்திருக்கு... இப்ப சரி!"

கர்ர்... கர்ர்... கர்ர்... அதுவரை அனுப்பியதெல்லாம் எங்கும் தொலையவில்லை. வரிசையில் காத்திருந்து, ஒன்றன்பின் ஒன்றாக வாப்பாவின் கையருகே வந்து விழுந்தது.

அல்லாஹ்வே!

வாப்பா எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே வாசித்தார். சாகிரின் காது சிவந்தது. இஃப்பத் துணிக்குவியலுக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தாள்.

வாப்பா கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி எந்த ஊரு?"

"காயல்பட்டினம், மாமா."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"நாளைக்கு இவளைக் கட்டினா கடையை மூடச் சொல்வியா?"

இஃப்பத் காதைத் தீட்டிக்கொண்டாள். இவனும் அதையேதான் சொல்வானோ...

"எங்க ஊர்ல பொண்ணு வீட்டை விட்டுப் போகாது, மாமா. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவான். அவங்க இருக்கிற இடத்துக்கு நான்தான் வரணும்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். "வந்ததும் என்மேல பாய்ஞ்சாங்களே... அப்பவே பிடிச்சுப்போச்சு. அவங்களுக்குச் சம்மதம்னா உம்மாவைப் பேசச் சொல்றேன்."

வாப்பா மகள் பக்கம் திரும்பினார். நாலாவதையும் தட்டிவிடுவாளோ என்ற கவலை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெட்கமாவது ஒன்றாவது!

"பேசச் சொல்லுங்க வாப்பா... எனக்கு இவங்களைப் பிடிச்சிருக்கு."