பனியில் விட்ட ஃபில்டர்

அக்கா தண்ணீர் குடிக்கும்போது விழுங்கும் சத்தம் கேட்கவில்லை.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கைக்கு அது முதலில் பிடிபடவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது என்று மட்டும் தோன்றியது. அக்காவின் தலை பின்னால் சாய்ந்திருந்தது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. தொண்டை அசையவே இல்லை. குழாயில் ஊற்றுவதைப் போல உள்ளே போனது.

"என்னடி முறைக்கிற? தாகமா இருந்தா குடிக்கக் கூடாதா?"

"இது எத்தனாவது டம்ளர்க்கா?"

"ஆமா, நீ எண்ணு. லேப்ல எண்ணுறது பத்தலைன்னு வீட்டுலயும் எண்ணு."

அக்கா சிரித்தபோது அவள் மூச்சுக்காற்று மேஜையைத் தாண்டி வந்தது. வெங்காய நெடியையும் மீறி ஈரப்பாறை, பாசி, விடியற்காலைப் பனி வாசனை. பதினோரு நாட்களுக்கு முன்னால், மலைமேல் ஓர் ஓடைக்கரையில் மூக்கில் ஏறிய அதே வாசனை.

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். உண்மையில் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். பதினான்காவது டம்ளர். காலையிலிருந்து அக்கா ஒரு தடவைகூடப் பாத்ரூம் பக்கம் போகவில்லை.

அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊர் ஊராக வரும் பாட்டில்களைத் திறந்து, தட்டில் தடவி, மறுநாள் முளைத்திருக்கும் கிருமிப் புள்ளிகளை எண்ணி எழுத வேண்டும். நாலு பேர் கூடிய இடத்தில் அவளுக்கு வாய் வராது. அதனால்தான், அக்காவின் மலையேற்றக் கூட்டாளிகள் ஓடைத் தண்ணீரைக் குடிக்க ஃபில்டர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தபோது, மூன்று வாரம் அதே நினைப்பாக இருந்தாள். கையால் அடிக்கும் பீங்கான் ஃபில்டர் செங்கல் கனம். கிருமியைக் கொல்லும் புற ஊதா ஒளிக் குச்சி கலங்கல் தண்ணீரில் உதவாது, பேட்டரியும் நம்பிக்கையில்லை. குளோரின் மாத்திரைக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், நீச்சல்குள நாற்றம் வேறு. கடைசியில் நார் ஃபில்டரை எடுத்தாள். கிளையில் பையை மாட்டினால் தண்ணீர் தானாக இறங்கும்; ஃபில்டரின் எடை இரண்டு எலுமிச்சம்பழம். உள்ளே தலைமுடி போல நூற்றுக்கணக்கில் குழல்கள், அவற்றின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். தண்ணீர் நுழையும், கிருமி நுழையாது.

மலையேறக் கிளம்பிய அன்று பத்து நிமிடம் நிற்காமல் பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும். ஒரு தடவை நனைஞ்சிட்டா, அப்புறம் இது உறையவே கூடாது. உள்ள ஐஸ் ஆனா குழாய் வெடிச்சிடும், வெளியில பார்த்தா தெரியாது. ராத்திரி குழந்தை மாதிரி வயித்தோட வச்சுத் தூங்கணும்."

"அப்ப பிள்ளை உங்க பொறுப்பு, விஞ்ஞானி" என்றான் நெட்டை. பஸ் ஓட்டுபவன், எல்லாரையும் விட ஒரு முழம் உயரம். பல் டாக்டர் கைதட்டினார். கணக்கு டீச்சர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவளுக்குக் காது சூடானது. சந்தோஷமாக இருந்தது.

முதல் ராத்திரியே மறந்துபோனாள். குளிர் அப்படி. காலையில் வெளியே வந்தபோது ஃபில்டர் கிளையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தாள். கல். ஆட்டிப் பார்த்தபோது உள்ளே எதுவோ கலகலத்தது.

"விஞ்ஞானி, தண்ணி ரெடியா?" கூடாரத்துக்குள்ளிருந்து நெட்டை கேட்டான்.

அவளுடைய பையில் நாற்பது மாத்திரைகள் இருந்தன. பாட்டிலுக்கு ஒன்று போட்டால் இரண்டு நாளும் எல்லாருக்கும் போதும். ஆனால் எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். நேற்று அவ்வளவு பேசியவள்.

"ரெடி" என்றாள்.

சட்டைக்குள் வைத்து உருக்கினாள். கிளையில் மாட்டினாள். நான்கு பாட்டில்களை நிரப்பிக் கொடுத்தாள். பிறகு ஒரு பாறைக்குப் பின்னால் போய், தன் பாட்டிலில் மட்டும் ஒரு மாத்திரையைப் போட்டாள். சுர்ரென்று அது கரைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அக்கா பாட்டிலை வாய்க்கு மேல் பிடித்து, தலையைத் தூக்கி, கண்ணை மூடிக் குடித்ததைப் பாறை இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீடு திரும்பியதும் காத்திருந்தாள். எந்தக் கிருமிக்கு எத்தனை நாள், எதற்கு வயிற்றுப்போக்கு, எதற்குக் காய்ச்சல், எல்லாம் அவளுக்குத் தெரியும். கெடு ஒவ்வொன்றாகக் கடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதிலுக்குத் தாகம் வந்தது.

'எவ்வளவு தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்கல' என்று பல் டாக்டர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். 'எனக்கும்தான். மூணு நாளா சோறே வேண்டாம்னு இருக்கு, தண்ணி போதும்' என்றார் டீச்சர். 'விஞ்ஞானி, அதுல என்ன கலந்தீங்க?' என்று கேட்டுச் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தான் நெட்டை. அடுத்த மாதம் மறுபடி மலைக்குக் குடும்பத்தோடு போவதாகப் பேச்சு. பதினான்கு பேர். டாக்டரின் இரண்டு குழந்தைகளும் உண்டு. புது ஃபில்டர் வேண்டாம், அதே ஃபில்டர் போதும் என்று நால்வரும் எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் வீட்டில் கூடி முடிவு செய்வதாக ஏற்பாடு.

அக்கா டம்ளரில் மிச்சம் வைத்த தண்ணீரை அவள் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போய்த் தட்டில் தடவினாள். ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் சாக்கடைத் தண்ணீர்த் தட்டு ஒன்றையும் வைத்தாள். மறுநாள் அக்காவின் தட்டில் ஒரு புள்ளி இல்லை. சாதாரணக் குழாய்த் தண்ணீரில்கூட இரண்டு மூன்று இருக்கும். பிறகு சாக்கடைத் தட்டைத் திறந்தாள்.

அதிலும் ஒன்றும் இல்லை. கழுவி வைத்ததைப் போலச் சுத்தமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. அவள் ஃபில்டரை எடுத்துச் சமையலறைக்குப் போனாள். ஒரு சோதனை இருக்கிறது. நனைந்த நார் நன்றாக இருந்தால், ஊதினால் காற்று போகாது. ஈரமே துளைகளை அடைத்துக்கொள்ளும். உடைந்திருந்தால் போகும்.

ஒருவேளை உடைந்திருக்காது. அப்படி இருந்தால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இந்த நினைப்பு வந்ததற்காகவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நனைத்தாள். வாயில் வைத்து ஊதினாள்.

காற்று தங்குதடையில்லாமல் போனது. அவள் நெஞ்சில் இருந்தது முழுவதும் போனது. நிறுத்தினாள்.

நிறுத்திய பிறகு, ஃபில்டர் திருப்பி ஊதியது.

மெதுவாக. குளிராக. பாசி வாசனையோடு, அவள் நாக்கின் மேல், ஒரு முழு மூச்சு. பிறகு அடுத்ததற்காக உள்ளே இழுத்தது. அவள் அதைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். பக்கத்து அறையில் அக்கா தூக்கத்தில் மூச்சுவிடுவது கேட்டது. இரண்டும் ஒரே தாளத்தில் இருந்தன.

நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. டாக்டர், டீச்சர், நெட்டை. யாரும் செருப்பைக் கழற்றும்போது பேசிக்கொள்ளவில்லை. தெருவில் வெயில். அவர்கள் நடந்துவந்த தரை ஈரம். அக்கா எழுந்துவந்து அவர்களோடு உட்கார்ந்தாள். கடையிலிருந்து வாங்கிவந்த மூன்று புது ஃபில்டர்களைத் தங்கை மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தாள். ஒருவரும் அவற்றைப் பார்க்கவில்லை.

"விஞ்ஞானி இன்னைக்கு எத்தனை நிமிஷம் பேசப் போறாங்க?" என்றான் நெட்டை.

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைகள் வருகிறார்கள். சொல்லியாக வேண்டும். சொன்னாள். கிளையில் விட்டதையும், அது கல்லாகிப்போனதையும், 'ரெடி' என்று பொய் சொன்னதையும், நாற்பது மாத்திரைகளையும், பாறையையும், தன் பாட்டிலில் மட்டும் போட்டதையும், ஒன்று விடாமல், யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

சொல்லி முடித்தபின்னும் மேஜையையே பார்த்தாள்.

"திட்டுங்க" என்றாள். "யாராவது ஏதாவது சொல்லுங்க."

"எதுக்குத் திட்டணும்?" டீச்சரின் குரல் கனிவாக இருந்தது. "அன்னைக்கே எங்களுக்குத் தெரியும்மா. எங்க நாலு பேரோட சேராம ஒருத்தி மட்டும் வெளியே நிக்கிறான்னு தெரியாதா?"

"பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க டாக்டர். தயவுசெஞ்சு."

"இனி மலைக்குப் போக வேண்டியதில்லை" என்றார் டாக்டர். "வீட்டுலயே குடுத்துக்கலாம். பெரியவளுக்குக் காலையில குடுத்துட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

டாக்டரின் உதடுகள் அசையவில்லை. டீச்சரின் உதடுகளும். நான்கு வாய்களும் லேசாகத் திறந்திருந்தன. நான்கிலும் தண்ணீர். விளிம்பு வரை. தெளிவாக, பற்கள் தெரிய, நாக்கு தெரிய. நாக்குகள் அசங்கவில்லை.

"அக்கா."

"சொல்லுடி." வாயிலிருந்த தண்ணீர் மட்டும் நடுங்கியது.

"அக்கா, நான் வேணும்னு செய்யல."

"தெரியும்டி. வெட்கப்பட்டே செத்துடுவ நீ. வா, இப்படி உட்காரு."

உட்கார்ந்தாள். நாற்காலிகள் நெருங்கின. இடதுபக்கம் நெட்டை. வலதுபக்கம் டீச்சர். பின்னால் டாக்டர். யார் கண்ணிலும் கோபம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. அக்கா ஒரு டம்ளரை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல்.

நால்வரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூச்சமாக இருந்தது.

அக்கா டம்ளரின் மேல் குனிந்தாள். முடி இரண்டு பக்கமும் விழுந்தது. வாயிலிருந்து நூல் போல இறங்கியது தண்ணீர். சத்தமில்லாமல். நிற்காமல். கண்ணாடி வெளியே வியர்த்தது. டம்ளர் நிறைந்தது. அக்கா நிறுத்தவில்லை.

தண்ணீர் சிந்தவும் இல்லை. விளிம்புக்கு மேலே ஒரு விரல் உயரம் எழுந்து நின்று, மெதுவாக, அவள் பக்கம் சாய்ந்தது.