மெஷின்தான் கடைசி

கரன்ட் போனால் பெட்டியில் ஒரு 'டக்' கேட்கும், அதோடு சரி. அன்று காலை லிசி இரண்டு 'டக்' கேட்டாள்.

தென்னூர் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு, பத்து மணியிலிருந்து நாலு மணி வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரிலேயே போட்டிருந்தார்கள். அவள் பயப்படவில்லை. நிமோனியாவில் நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினை நம்பி வீடு திரும்பியவளுக்காகக் கணவன் பிரவீன்ராஜ் தன் கையால் செய்த பெட்டி அது. ஸ்ரீரங்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், வேலையில் கெட்டிக்காரன். பெட்டிக்குள் இருந்த சின்ன சிப், கரன்ட் போன கணமே வீட்டை பேட்டரிக்கு மாற்றிவிடும். பேட்டரி இறங்க இறங்க எதை முதலில் நிறுத்துவது, எதைக் கடைசிவரை ஓட்டுவது என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

"எது நின்னாலும் உன் மெஷின் நிக்காது லிசி. மெஷின்தான் கடைசி," என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவன் பேச்சை அவள் ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

போன் போட்டாள். "என்னங்க, பெட்டி ரெண்டு தடவை சத்தம் போட்டுச்சு."

"ஃப்ரிட்ஜை நிறுத்தியிருக்கும். நீ பேசாம படு."

படுத்தாள். தெரு முழுக்க மோட்டாரும் மிக்சியும் அடங்கிப்போன அந்த அமைதியில், மெஷின் மூச்சுவிடும் சத்தமும் அதன் தண்ணீர்ப் பாட்டிலில் குமிழி உடையும் சத்தமும், இஸ்திரிப் பெட்டி சூடாகும்போது வருவதுபோல ஹாலில் பேட்டரிப் பெட்டி இருந்த பக்கமிருந்து வந்த ஒரு வாசனையும், அவற்றுக்கெல்லாம் அடியில் விடாமல் ஓடிய இன்னொரு மெல்லிய ரீங்காரமும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்கவும் மணக்கவும் செய்தன. அந்த ரீங்காரம் சமையலறையிலிருந்து வந்தது. ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

மூக்கிலிருந்த குழாயை இழுத்துக்கொண்டே எழுந்து போனாள். ஃபேன் சுற்றியது. மாதா படத்துக்கு முன்னால் சின்ன பல்ப் எரிந்தது. எதுவுமே நிற்கவில்லை. பெட்டி ஹாலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருந்தது. குழாய் நீளம் அதற்கு நாலடி முன்பே முடிந்துவிட்டது. அங்கிருந்தபடியே பெட்டியின் திரையை போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

மெஷின். ஃபேன். விளக்கு. ஃப்ரிட்ஜ்.

மேலே இருப்பதுதான் முதலில் நிற்கும் என்று அவனே ஒருநாள் பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். மெஷின் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் நாலு நிமிஷம் பத்து வினாடி என்று இருந்தது. அடுத்த படத்தில் நாலு நிமிஷம் ஆகியிருந்தது. இரண்டாவது 'டக்' அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்திருக்கிறது. ஃப்ரிட்ஜில் இருந்ததோ நேற்றைய மீன் குழம்பு. அந்தக் குழம்புக்குக் கொடுத்த இடத்தைக்கூட அவன் அவளுக்குக் கொடுக்கவில்லை.

மறுபடி போன் செய்தாள். "என்னங்க, வரிசையை மாத்தி வெச்சிட்டீங்க. மெஷின் முதல்ல இருக்கு."



"எழுந்து நடந்தியா?" என்றான். குரலில் பதற்றமே இல்லை. "போய்ப் படு லிசி. பெலிண்டாவும் இப்படித்தான் நடந்து நடந்து பார்த்தா. அதனாலதான் ரொம்ப நேரம் கஷ்டப்பட்டா."

போன் கட்டானது.

பெலிண்டா அவனுடைய முதல் மனைவி. ஆஸ்பத்திரியில், தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லித்தான் அவன் லிசியைக் கட்டிக்கொண்டான். கடைக்கு ரிப்பேருக்கு வந்தது என்று சொல்லி அவன் கொண்டுவந்த இந்த மெஷினின் பட்டனில், காய்ந்த சிவப்பு நகப்பூச்சு ஒட்டியிருந்தது. லிசி நகப்பூச்சு போடுவதில்லை. எத்தனை ராத்திரி இந்த மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்!

வாசல் கதவை அவன் வெளியே பூட்டிக்கொண்டு போயிருந்தான். பொன்மலையில் ஷிப்டில் இருந்த தம்பி ஜூட் போனை எடுக்கவில்லை. முதலில் மூச்சு, மற்றதெல்லாம் அப்புறம் என்று முடிவு செய்தாள். ஃப்ரிட்ஜுக்குத்தான் கரன்ட் கடைசிவரை வரும். மெஷினை அதன் ப்ளக் பாயிண்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

டக்.

மெஷின் நின்றது.

குமிழி அடங்கியது. ஃபேன் மட்டும் சுற்றியது. படுக்கையறைக்குள் வந்து சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். மெஷினைத் தள்ளினாள். சக்கரம் அறை வாசற்படியில் இடித்தது. தூக்கினாள். மார்பு அடைத்தது. கண்ணில் கறுப்புப் புள்ளிகள். இன்னும் நாலு எட்டு. மூன்று. முட்டி மடங்கியது.

குமிழி கேட்டது.

கர்த்தரே! சொருகிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக் கையைப் பார்த்தாள். ப்ளக் கையிலேயே இருந்தது.

பாட்டிலில் தண்ணீர் கொதித்தது. நின்றது. கொதித்தது. யாரோ மூச்சு வாங்கும் கணக்கில்.

"பெலிண்டா அக்கா," என்றாள் லிசி. அழுகை வந்தது. அவன் கைவிட்டாலும், அவனிடம் மாட்டிச் செத்தவள் தன்னைக் கைவிடவில்லை. ஆசையாக மூச்சை இழுத்தாள்.

ஒன்றும் வரவில்லை.

குழாய்க்குள் ஈரம் பனித்திருந்தது. அவளுடைய மூச்சின் ஈரம். அது மெல்ல நகர்ந்தது. அவள் மூக்கிலிருந்து மெஷினை நோக்கி. குழாயைப் பிடுங்கினாள். வரவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் பாட்டிலில் ஒரு கொதிப்பு, நீளமாக, ஆசை தீர.

சிவப்பு நகப்பூச்சு ஒட்டிய பட்டன் தானாக அமுங்கியது.