கவிழ்க்காத குடம்

குழாயில் தண்ணீர் வருவதற்குள் அலறல் வந்துவிட்டது.

தஞ்சாவூர் கீழவாசல், சுண்ணாம்புக்காரச் சந்து, பதினேழாம் எண் வீடு. 1972, சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மணி ஆறாகப் பத்து நிமிஷம்.

வீடு ஒன்று. உள்ளே பதினோரு குடித்தனம். நாற்பத்து மூன்று உயிர். முற்றத்தில் ஒரே ஒரு குழாய். ஒருவர் தும்மினால் பதினோரு அடுப்படியிலும் கேட்கும்.

அப்படிப்பட்ட வீட்டில்... யாருக்கும் கேட்காமல் ஒரு கொலை!

அலறியது நாலாம் போர்ஷன் அம்சம். கொல்லைப்புறத்து விறகுக் கொட்டகைக்குச் சுள்ளி எடுக்கப் போனவள். மாடி அறையிலிருந்து மருதையன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடினான்.

சவுக்குக் கட்டைகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தான் ரெத்தினம்.

இரண்டு வருஷமாக ஒரே அறையில் ஒரே பாயில் படுத்தவன். பின்மண்டை பிளந்திருந்தது. மருதையனுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் ரெங்கசாமி வந்தார். குடித்தனக்காரர்களை வரிசையாக நிறுத்தினார். நேற்று சாயங்காலம் மாடி அறையில் சண்டை நடந்ததா என்று கேட்டார். நடந்தது என்றார்கள். மருதையன் என்ன சொன்னான் என்று கேட்டார். முதலில் தயங்கினார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

"கொன்னே போட்டுருவேன்னு சொன்னியா?"

"சொன்னேன் சார்."

"ஏன்?"

மருதையன் தலைகுனிந்து நின்று சொன்னான்.

அவனுக்கு மின்வாரியத்தில் கம்பம் ஏறும் வேலை. ரெத்தினம் பத்திர ஆபீசில் நகல் எழுதுபவன். இருவரும் திருவாரூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்து, வேலை தேடித் தஞ்சாவூருக்கு வந்தவர்கள். இந்தச் சந்துகளில் பதினாலு வீடு ஏறி இறங்கினார்கள். எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்பார்கள். பதில் காதில் விழுந்ததும் அறை காலியில்லாமல் போய்விடும். பதினைந்தாவது, இந்த வீடு. வீட்டுக்காரர் சாரங்கபாணி மட்டும் முகம் சுளிக்கவில்லை. பேர், அப்பா பேர், ஊர்... மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும், கருவாடு வறுக்கக் கூடாது என்று இரண்டே நிபந்தனை.

அன்றைக்கு மருதையன் கையெடுத்துக் கும்பிட்டான்.

நேற்று ரெத்தினம் ஆபீசிலிருந்து வரும்போதே முகம் சிவந்திருந்தது. வீட்டுக்காரரை நாலு கேள்வி கேட்கப் போகிறேன் என்றான். என்ன கேள்வி என்றால், முதலில் அந்த ஆள் வாயால் வரட்டும், அப்புறம் உனக்குச் சொல்கிறேன் என்றான். இந்த அறையும் போனால் எங்கே போவது என்ற பயத்தில் மருதையன் கத்தியதுதான் அந்தச் சண்டை.

"கதை நல்லா இருக்கு" என்றார் ரெங்கசாமி. "ஆனா சத்தம் கேட்டவங்க பதினோரு குடும்பம்."

அப்போது முன்கட்டிலிருந்து சாரங்கபாணி வந்தார். ஜரிகை வேட்டி, சந்தனக் கீற்று, கையில் கைக்குட்டை. அவர் இருப்பது முன்கட்டில். தனிக் குழாய், தனி மோட்டார். வெந்நீர் வேண்டுமென்றாலும் ஆள் கொண்டுவந்து வைக்கும். அலறல் கேட்டுத்தான் கண் விழித்ததாகச் சொன்னார். முற்றத்துக் கதவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து ஒரு மாதம் ஆகிறதாம்.

"பாவம்னு இடம் கொடுத்தேன் இன்ஸ்பெக்டர். ரெண்டு பயல்களும் இப்படி அடிச்சுக்குவாங்கன்னு கண்டேனா?"

கைக்குட்டை கண்ணைத் தொட்டது. கண் காய்ந்துதான் இருந்தது. மருதையன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஏட்டு, மாடியிலிருந்து ரெத்தினத்தின் தகரப் பெட்டியைத் தூக்கி வந்தார். மடித்த சட்டைக்கு அடியில் இரண்டு காகிதங்கள். ரெத்தினத்தின் முத்துமுத்தான கையெழுத்து. பத்திர நகல்கள்.

ரெங்கசாமி படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"மருதையா... உனக்கு நிலம் எவ்வளவு இருக்கு?"

"செருப்புல ஒட்டிக்கிட்டு வர்ற மண்ணுதான் சார்."

"அஞ்சு ஏக்கர் நஞ்சை இருக்கு. போன வருஷம் உன் பேருக்குக் கிரயம் ஆகியிருக்கு. ரெத்தினம் பேர்ல இன்னொரு அஞ்சு."

மருதையன் காகிதத்தை எட்டிப் பார்த்தான்.

"வித்தவர் பேரு... சாரங்கபாணி."

அட பாவி!

பேர், அப்பா பேர், ஊர். கிரயப் பத்திரத்தில் வாங்குகிறவன் பகுதியை நிரப்ப அது போதும். வாங்குகிறவன் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நேரில் போகவும் வேண்டியதில்லை. ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான் என்று அரசாங்கம் உச்சவரம்பைக் குறைத்ததும், டெல்டாவில் நாய் பேரிலும் பூனை பேரிலும் நிலம் ஏறிய காலம் அது. சாரங்கபாணிக்கு நாய் பூனை வளர்க்கப் பிடிக்காது. குடித்தனக்காரர்களை வளர்த்தார். பின்னால் ஆள்பலம் இல்லாத பயல்களாகப் பார்த்து, கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷமாகக் கும்பிட்ட கையை வெட்டி எறியலாம் போலிருந்தது மருதையனுக்கு.

ரெங்கசாமி வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். குரல் மெத்தென்று வந்தது.

"ஐயா, இது பினாமியா இருந்தா... ரெத்தினம் கண்டுபிடிச்சுட்டான். தாசில்தார்கிட்ட சொல்லிடுவேன்னு மிரட்டியிருப்பான். அப்ப அவனைக் கொல்றதுக்கு உங்களுக்கு ஒரு காரணம் இருக்கு."

சாரங்கபாணி கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகினார். நிலமா, கழுத்தா? மனுஷன் ஒரு கணம்தான் யோசித்தார்.

"பினாமியாவது ஒண்ணாவது. சுத்தக் கிரயம். அந்த நிலத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எழுதித் தரவா?"

"தாங்க."

எழுதினார். வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட்டார். நாலு குடித்தனக்காரர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ரெங்கசாமி காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப இவருக்குக் காரணம் இல்ல. மிச்சம் நீதான் மருதையா. கையை நீட்டு."

விலங்கு மாட்டினார். மருதையன் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான். இரண்டு வருஷம் பழகிய முகங்கள் எல்லாம் தரையைப் பார்த்தன. ரெத்தினம் செத்துவிட்டான். கொன்றவன் சந்தனம் பூசிக்கொண்டு எதிரில் நிற்கிறான். தூக்குக் கயிறு எனக்கு!

குழாயடியில் அம்சம் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"சுள்ளி எடுக்கப் போறப்ப அந்தப் புள்ள குடத்தை எட்டி உதைச்சேனே, பாவி. சாவப்போற புள்ள குடம்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

மருதையன் நிமிர்ந்தான்.

"ஏன்க்கா உதைச்சீங்க?"

"நிமுத்தி வச்சிருந்துச்சுடா."

நின்றிருந்த பத்துப் பெண்களும் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வீட்டுச் சட்டம் அது. விடிகாலையில் குழாய் வரிசையில் காலிக் குடத்தைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்த குடத்துக்கு வரிசையில் இடம் கிடையாது. கையால் தொடக்கூட வேண்டாம், காலால் ஓரம் தள்ளிவிடலாம். நாலு வயசுக் குழந்தைக்கும் தெரியும். இதற்காக மண்டை உடைந்த கதைகள் உண்டு.

"சார்" என்றான் மருதையன். "ரெத்தினம் ரெண்டு வருஷமா ஒரு நாள் தவறாமக் கவுத்துத்தான் வைப்பான். இன்னிக்கு அந்தக் குடத்தை வச்சவன் அவன் இல்ல. இந்த நாப்பத்து மூணு பேர்ல யாரும் இல்ல. இந்த வரிசையில ஒரு நாளும் நிக்காத ஆளு."

"குடத்தோட வந்தவனைக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டுப் பேசியிருக்கான். அடிச்சிருக்கான். குடம் அங்க கிடந்தா தேடுவாங்கன்னு கொண்டாந்து வரிசையில வச்சிருக்கான்." மருதையன் விலங்கிட்ட கையோடு திரும்பினான். "ஐயா, அந்தக் குடத்தை நீங்க தொட்டீங்களா?"

சாரங்கபாணியின் மூக்கு விடைத்தது. இரண்டு வருஷமாகச் சுளிக்காத முகம், அன்றைக்குச் சுளித்தது.

"உங்க ஆளுங்க குடத்தை நான் கையால தொடுவேனா?"

"தொடவே இல்லையே?" என்றார் ரெங்கசாமி.

"சத்தியமா இல்ல."

"நல்லது." இன்ஸ்பெக்டர் ஒரு துண்டால் குடத்தின் விளிம்பைப் பிடித்துத் தூக்கி வெயிலில் காட்டினார். பளபளவென்று தேய்த்த பித்தளைக் குடம். கழுத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு விரல்கள் பதிந்திருந்தன. "ரேகை எடுக்க இதைவிட நல்ல சாமான் கிடைக்காது. அதுலயும், சந்தன வாசனை வருதே ஐயா?"

சாரங்கபாணி தன் வலது கையை வேட்டியில் துடைத்தார். இரண்டு தடவை துடைத்தார். அப்புறம்தான் எல்லோரும் தன் கையையே பார்ப்பதைப் பார்த்தார்.

விலங்கு கை மாறியது.

ஜீப்பில் ஏறும்போது அவர் முனகினார். காலையில் குடம் வைக்க இறங்கி வந்தவன், பத்திரத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டானாம். நாலாவது கேள்வியில் கை சவுக்குக் கட்டைக்கு நீண்டுவிட்டதாம். அப்புறம் ஞாபகம் வந்தவர்போல, அந்த நிலம் உண்மையில் தன்னுடையதுதான் என்று கத்தினார்.

ரெங்கசாமி சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

மருதையன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, அப்போதுதான் அழுதான். நாலு கேள்வியில் ஒன்றையாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதாடா என்று திட்டித் திட்டி அழுதான்.

ஆடிப்பெருக்கு முடிந்தது. ரெத்தினத்தின் ஐந்து ஏக்கர் அவன் அம்மா பேருக்கு மாறியது. மருதையனின் ஐந்து ஏக்கருக்குப் பட்டா வந்த மறுநாள், மாடிப்படி ஏறி வந்தான் சாரங்கபாணியின் மகன். உட்காராமல் நின்றான். அப்பா செய்தது தப்புதான் என்றான். வக்கீல் செலவில் குடும்பம் நொடிந்துவிட்டது என்றான். வயலைத் தனக்கே குத்தகைக்கு விடும்படி கேட்டான்.

மருதையன் ஒரு நோட்டை எடுத்தான். பேனாவைத் திறந்தான்.

"பேரு?"

சொன்னான்.

"அப்பா பேரு?"

அவன் தலை கவிழ்ந்தது. மெல்லச் சொன்னான்.

"ஊரு?"

சொன்னான்.

மருதையன் மூன்றையும் நிதானமாக எழுதி, நோட்டை மூடினான்.

"யோசிச்சுச் சொல்றேன். ஆனா இப்பவே சொல்லிட்டேன்... வயல்ல கருவாடு வறுக்கக் கூடாது."