உள்ளறையில் யாரோ தேடுகிறார்கள்

கேட்டது கறுப்புத் திரைச்சீலை. ஆன்லைன் கடை காட்டியது ஆண்கள் தலைக்கு மாட்டும் பொய்முடி.

ஹெலனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கும் கணவன் தாவீது பகலில் தூங்கவேண்டுமே என்று, உள்ளறை ஜன்னலை அட்டையும் பழைய போர்வையும் வைத்து அடைத்திருந்தாள். அப்படியும் வெயில் ஊசி ஊசியாக இறங்கி அவனை எழுப்பிவிடும். தூக்கம் கெட்டவன் பழுக்கக் காய்ந்த இரும்புக்குப் பக்கத்தில் நின்றால் என்ன ஆகுமோ என்பதுதான் அவள் கவலை. ‘தடிமனான கறுப்புத் திரை’ என்று மறுபடி தட்டினாள். தோல் நிறத்தில் கையுறை வந்தது. இன்னொரு முறை தட்டினாள். பல்செட் வந்தது.

“இன்னா கடைடா இது? கேட்டது ஒண்ணு, காட்றது ஒண்ணு” என்று வாய்க்குள்ளேயே திட்டினாள்.

வாய்விட்டுத் திட்ட முடியாது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவன் எழுந்திருக்கும்வரை அந்த வீட்டில் குக்கர் விசில்கூட அடிக்காது, யாரும் அவனிடம் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். இன்று அவன் வந்தபோது அவள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வாசல் கதவு திறக்கும் சத்தமும் உள்ளறைக் கதவு சாத்தும் சத்தமும்தான் கேட்டன. ஜுரத்தில் பள்ளிக்குப் போகாத ஐந்து வயது மகள் கிறிஸ்டினா, வழக்கம்போல அப்பாவோடு ஒட்டிப் படுத்துக்கொள்ள உள்ளே போய்விட்டாள்.

வழக்கமாக அவன் வந்தால் வீடு முழுக்கக் கருகிய இரும்பும் வியர்வையும் கலந்த நெடி அடிக்கும். இன்று கதவிடுக்கிலிருந்து, அப்போதுதான் கிழித்த பார்சல் கவரின் பிளாஸ்டிக் வாசனை மெல்லக் கசிந்து கூடம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

இரண்டு போனுக்கும் ஒரே கணக்கு. தாவீது எதையாவது தேடினால் இவள் போனிலும் அதுவே வந்து நிற்கும். தூங்காமல் போனை நோண்டுகிறானோ என்று, முன்பு தேடியவற்றின் வரிசையைத் திறந்தாள்.

‘ஆண் முடி.’ ‘கை, தோல் நிறம்.’ ‘பல், முழு வரிசை.’

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே புதிதாக ஒன்று ஏறியது. ‘இருமல்.’

உள்ளறையில் இருமல் கேட்டது. தாவீதின் இருமல்தான். மூன்று முறை கேட்டது. மூன்றும் இம்மி பிசகாமல் ஒரே மாதிரி.

கையிலிருந்த போன் அடித்தது. தாவீதோடு வேலை செய்யும் ஆசீர்வாதத்தின் நம்பர்.

“ஹெலனு, நான்தான்” என்றது தாவீதின் குரல். பின்னால் கிரேன் அலறியது. “என் போனு நேத்துலேர்ந்து காணம். ஆளு வர்லன்னு டபுள் டூட்டி போட்டுட்டானுங்க. சாயங்காலந்தான் வருவேன். பாப்பாக்கு ஜுரம் எப்டிக் கீது?”

“இன்னாய்யா சொல்ற? நீ ஊட்லதான தூங்கிக்குனு கீற?”

“பேஜாரு பண்ணாத. மேஸ்திரி கூப்புட்றாரு” என்று சிரித்தபடி வைத்துவிட்டான்.

அவள் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். குழந்தை உள்ளே இருக்கிறாள். கத்தினால் அவளோடு இருப்பது என்ன செய்யும்? கத்தாமல் எப்படிக் கூப்பிடுவது?

“கிறிஸ்டி,” என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. “தண்ணி குடிக்கலாம், வா கண்ணு.”

போனில் அடுத்த வரி ஏறியது. ‘நைட்டி, பச்சையில் வெள்ளைப் பூ.’

ஹெலன் குனிந்து தன் உடம்பைப் பார்த்தாள். பச்சை. வெள்ளைப் பூ.

‘பெண் முடி, இடுப்பு வரை.’

‘தாலாட்டு.’

உள்ளே பாட்டு ஆரம்பித்தது. ஜுரம் வந்தால் கிறிஸ்டினாவுக்கு ஹெலன் பாடும் பாட்டு. ஹெலனின் குரல்.

“அம்மா,” என்றாள் கிறிஸ்டினா தூக்கக் கலக்கத்தில். “வெளிய யாரோ கூப்புட்றாங்கம்மா.”

ஹெலன் கதவைத் தள்ளினாள்.

இருட்டு. தாவீதின் போன் வெளிச்சம் மட்டும். பச்சை நைட்டி. இடுப்பு வரை முடி. மடியில் கிறிஸ்டினாவின் தலை. அதை வருடும் கை, மடிப்புக் கலையாத புதுக் கை.

பாட்டு நின்றது. அது நிமிர்ந்தது.

முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வழவழப்பு மட்டும்.

அது போனை மெல்ல உயர்த்தி, கேமராவை ஹெலனுக்கு நேராகப் பிடித்தது. பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

அவள் கையிலிருந்த போனில், தேடும் கட்டத்துக்குள், வாய் பிளந்து நிற்கும் அவள் முகமே வந்து நின்றது.

“அந்த அம்மாவப் போவச் சொல்லும்மா,” என்று சிணுங்கினாள் கிறிஸ்டினா. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதன் இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள்.